சீமாட்டி பெயரில் ஓர் இனிப்பு

கல்கத்தாவுக்குப் புதிதாகக் குடிவரும் தமிழ்க் குடும்பத்தார் முதலில் கற்றுக்கொள்ளும் வங்கச் சொற்கள் பெரும்பாலும் கடைத்தெருச் சொற்களே. காய்கறிக்காரனிடம் பேரம் பேசப் பத்துச் சொல், ரிக்ஷாக்காரனுக்கு வழி சொல்ல நான்கு சொல், இனிப்புக் கடையில் கேட்டு வாங்க ஐந்தாறு பெயர்: இவ்வளவு கைவந்தால் குடித்தனம் நடந்துவிடும். லேக் மார்க்கெட் பக்கத்தில் வாழை இலையும் கறிவேப்பிலையும் காப்பிக் கொட்டையும் கிடைத்துவிடுகிறபடியால், மற்றவற்றுக்கு அவசரமும் இல்லை.

என் பெரியம்மா ஊரிலிருந்து முதன்முறை இங்கு வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு வங்காளி அம்மையார் ஒரு தட்டில் கருஞ்சிவப்பு நிறத்தில் நான்கு உருண்டைகளைக் கொண்டுவந்து வைத்து, “லேடிகேனி” என்றார். பெரியம்மாவுக்கு வங்காளமும் தெரியாது. ஆங்கிலமும் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் திருவல்லிக்கேணியில் பிறந்தவர். “லேடிக்கேணியா? இது எந்த க்ஷேத்திரம்?” என்று என்னைக் கேட்டார். பிறகு ஒன்றை எடுத்து விண்டபோது உள்ளே நடுவில் சிறு குழியும், அக்குழியில் ஊறிக்கிடந்த பாகும் தென்பட்டன. “சரிதான், கேணிதான்” என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டு வாயில் போட்டுக்கொண்டார்.

பெரியம்மாவின் சொல்லாராய்ச்சி தவறு. ஆனால் அப்பெயர் வந்த உண்மை வரலாறும் அதற்குச் சற்றும் சளைக்காத வேடிக்கை உடையது. லேடிகேனி என்பது லேடி கானிங் என்ற பெயரின் வங்கத் திரிபு. இந்தியாவின் முதல் வைசிராயான கானிங் பிரபுவின் மனைவி அவர். கணவர் பதவிக்காலம் முடிந்து தாயகம் திரும்பவிருந்த தறுவாயில், இந்நாட்டை இன்னொரு முறை கண்டு விடைபெறுவது போல் ஒரு மலைப் பயணம் சென்றார். அதுவே அவருடைய கடைசிப் பயணமும் ஆயிற்று. அவர் இந்நாட்டிலிருந்து எடுத்துச் சென்றது ஒன்றுமில்லை; இந்நாடு அவரிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டது அவர் பெயரை மட்டுமே. அதையும் எண்ணெயிற் பொரித்து, பாகில் ஊறப்போட்டு வைத்துக்கொண்டது.

முதலில் பண்டத்தைச் சொல்லிவிட்டுச் சீமாட்டியிடம் வருவோம். நம் வீடுகளில் பால் திரிந்துபோனால் அது கைப்பிசகு. காய்ச்சியவர் முகம் வாடிவிடும். வங்காளத்திலோ பாலை வேண்டுமென்றே திரித்து, நீரை வடித்து, எஞ்சிய கட்டியைச் சானா என்று பெயரிட்டு, அதன்மேல் ஒரு கலையையே எழுப்பியிருக்கிறார்கள். சந்தேஷும் ரசகுல்லாவும் அச்சானாவின் மக்கள். சானாவைச் சிறிது மாவுடன் அழுந்தப் பிசைந்து, நடுவே ஏலக்காய் மணமூட்டிய ஒரு சிறு சர்க்கரைத் துண்டை வைத்து உருட்டி, பொன்னிறம் கடந்து கருஞ்சிவப்பு ஏறும்வரை பொரித்துப் பாகிலிட்டால் லேடிகேனி. உள்ளே வைத்த சர்க்கரை சூட்டில் கரைந்து போகிறது. அது இருந்த இடமே பெரியம்மா கண்ட கேணி. வடக்கே விற்கும் குலாப்ஜாமூன் கோவாவாற் செய்வது. இது சானாவாற் செய்வது. இரண்டையும் ஒன்றென்று வங்காளியிடம் சொல்லிப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை சொல்ல மாட்டார்கள். இதற்கு மூத்த உறவாகப் பாந்துவா என்றொரு பண்டம் உண்டு. அதன் முக்கியத்துவம் பின்னால் தெரியவரும்.

இனி சீமாட்டி. சார்லட் ஸ்டூவர்ட் என்பது அவர் பிறந்த குடும்பத்துப் பெயர். 1817 மார்ச் 31இல், தந்தையார் பிரெஞ்சு நாட்டில் ஆங்கிலத் தூதராக இருந்த காலத்தில், பாரிஸ் நகரில் பிறந்தார். இந்தத் தேதியை வாசகர்கள் சற்று நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். 1835இல் சார்லஸ் கானிங்கை மணந்தார். 1842 முதல் விக்டோரியா மகாராணியின் அந்தரங்கப் பணிப்பெண்டிருள் ஒருவராக இருந்தார். ஓவியம் தீட்டுவதில் தேர்ந்த கை. மக்கட்பேறு இல்லை. கானிங் பிரபு கவர்னர் ஜெனரலாக நியமிக்கப்பட்டபோது உடன் புறப்பட்டு, இருவரும் கல்கத்தாவில் வந்திறங்கிய நாள் 1856 பிப்ரவரி 29. நான்கு ஆண்டுக்கு ஒருமுறையே வரும் நாளில் பதவியேற்றவருக்கு அடுத்த நான்கு ஆண்டுகளில் என்ன காத்திருந்தது என்பதை எந்தச் சோதிடரும் சொல்லியிருக்க மாட்டார்.

ஓராண்டு கழிந்தது. கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையில் உள்ள பாரக்பூரில் கவர்னர் ஜெனரலின் தோட்ட மாளிகை இருந்தது. லாட் சாகிபின் தோட்டம் ஆகையால் ஊரார் அதை லாட் பாகான் என்றனர். லார்டு என்ற சொல் லாட் ஆனதற்கும் கானிங் கேனி ஆனதற்கும் இலக்கணம் ஒன்றுதான். நம் சென்னையில் ஹாமில்டன் வாராவதி அம்பட்டன் வாராவதி ஆகி, அதை வெள்ளைக்காரரே மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்பர்ஸ் பிரிட்ஜ் என்று வழங்கிய கதையை அறிந்த நமக்கு இது புதிதன்று. அந்த லாட் பாகானில் சீமாட்டி பூச்செடிகளும் கொடிகளும் வைத்துத் தோட்டம் திருத்திக்கொண்டிருந்தார். அதே பாரக்பூரில், பட்டாளத்தார் அணிவகுக்கும் மைதானத்தில், 1857 மார்ச் 29, ஞாயிற்றுக்கிழமை, மங்கள் பாண்டே துப்பாக்கி ஏந்தி நின்றார்.

அதற்கு ஒரு மாதம் முன்பே, பிப்ரவரி 26இல், பஹரம்பூரில் இருந்த 19ஆவது காலாட்படையினர் புதிய தோட்டாக்களைக் கைதொட மறுத்திருந்தனர். தண்டனையாக அப்படை பாரக்பூருக்கு நடத்திக் கொணரப்பட்டு, ஆயுதம் களையப்பட்டுக் கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்ட நாள் 1857 மார்ச் 31. அன்று சீமாட்டிக்கு நாற்பது வயது நிறைந்தது. ஏப்ரல் 8இல் மங்கள் பாண்டே தூக்கிலிடப்பட்டார். மே 10இல் மீரட் எழுந்தது.

பிறகு நடந்தவற்றை நம்மவர் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பர். கல்கத்தாவில் நடந்த ஒரு வேடிக்கையை மட்டும் இங்குக் குறிப்பிடுவேன். மே 25ஆம் நாள் மகாராணியின் பிறந்தநாளுக்காகக் கவர்னர் மாளிகையில் நடன விருந்து ஏற்பாடாகியிருந்தது. கலகம் இன்று வரும், நாளை வரும் என்று நகரத்து வெள்ளையர் நடுங்கிக்கொண்டிருந்தனர். விருந்தை நிறுத்தினால் அச்சம் பெருகும் என்று கானிங் தம்பதியர் அதை நடத்தியே தீர்த்தனர். இந்நாட்களில் ஓர் இளநங்கை தன் வீட்டுக் காவலுக்கு இரண்டு ஆங்கில மாலுமிகளை அமர்த்திக்கொண்டதாகவும், அவர்கள் இரவில் குடித்துவிட்டுப் போட்ட கூத்தில் வராத எதிரியைக் காட்டிலும் வந்த காவலரிடமே அவள் அதிகம் அஞ்சியதாகவும் சீமாட்டி எழுதியிருக்கிறார். மகாராணிக்கு இந்தியச் செய்திகளை ஒழுங்காக எழுதிவந்தவர் அவரே. அக்கடிதங்களில் இத்தகைய நகைச்சுவை அங்கங்கே தலைகாட்டும்.

கானிங் பிரபு கண்மூடிப் பழிவாங்க உடன்படவில்லை. குற்றம் செய்தவரையும் செய்யாதவரையும் ஒன்றாகத் தூக்கிலிடலாகாது என்று 1857 ஜூலையில் ஆணையிட்டார். அதற்காகவே கல்கத்தா வெள்ளையர் அவரைக் கருணைக் கானிங் என்று இகழ்ந்தனர். அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளுமாறு விண்ணப்பமும் அனுப்பினர். ஆனால் இந்தக் கருணையை நாம் அளவுக்கு மீறிப் போற்றவும் வேண்டியதில்லை. அவர் ஆட்சியில்தான் டில்லியும் கான்பூரும் லக்னோவும் பட்ட பாட்டைப் பட்டன. அவருடைய ஆணை எட்டாத இடங்களில் மரந்தோறும் மனிதர் தொங்கினர். இகழ்ச்சியாகச் சூட்டிய அடைமொழி பின்னாளில் அவருக்குப் புகழாயிற்று என்பது வேறு செய்தி.

இந்தக் கொடிய காலத்தின் நடுவே, 1858இல், கணவர் அலகாபாத்தில் இருக்க, சீமாட்டி நம் பக்கம் வந்தார். சென்னையில் இறங்கி, பெங்களூரும் மைசூரும் கண்டு, நீலகிரி ஏறிக் குன்னூரில் தங்கினார். இன்று குன்னூரிலிருந்து லாம்ஸ் ராக் பாறைக்குச் செல்லும் வழியில் லேடி கானிங் சீட் என்றொரு காட்சியிடம் உண்டு. அங்கிருந்து பார்த்தால் கீழே மேட்டுப்பாளையத்துச் சமவெளி விரிந்து கிடக்கும். கோடை விடுமுறைக்கு ஊர் சென்ற நம் சங்கத்துக் குழந்தைகள் பலர் அங்கே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கின்றனர். அவர்கள் திரும்பி வந்து இங்கே தின்னும் பண்டத்துக்கும் அந்த இடத்துக்கும் பெயர் ஒன்றே என்பதை அவர்களுக்கு யாரேனும் சொல்லியிருப்பார்களா என்பது ஐயமே.

அவர் செய்த நாடு சூழ் பயணங்கள் நான்கு பெரியவை. தெற்கே வந்தது போக, 1859இலும் 1860இலும் வைசிராயின் பெரும் பரிவாரத்தோடு அயோத்திச் சீமை, டில்லி, பஞ்சாப் என்று கூடாரம் கூடாரமாகச் சென்றார். ஒருமுறை அவர் கூடாரமே தீப்பற்றி உடைமைகள் பல எரிந்து போயின. சிம்லாவுக்கு அப்பால் திபெத்துச் சாலையில் சீனி என்ற சிற்றூர் வரையிலும் சென்றார். சென்றவிடமெல்லாம் வண்ணம் தீட்டினார். மலை, கோட்டை, மரம், பூ, கொடி என்று தீட்டிய நீர்வண்ணச் சித்திரங்களில் ஏறத்தாழ 350 இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் உள்ளன. அவர் தமக்கென்று திரட்டிய நினைவுப் பொருள் அதுவே.

1861 வந்தது. பதவிக்காலம் முடியும் தறுவாய். மூட்டை கட்டவேண்டிய நேரம். கானிங் பிரபுவுக்கு அலகாபாத்தில் வேலை. புதிதாக ஏற்படுத்திய இந்திய நட்சத்திர விருதை நவம்பர் 1ஆம் நாள் அங்கே சுதேச மன்னர்களுக்குச் சூட்டவேண்டும். சீமாட்டி இன்னும் காணாதிருந்தது டார்ஜிலிங். போகுமுன் அதையும் கண்டுவிடலாம் என்று புறப்பட்டார். இன்று சியால்டாவில் இரவு ரயிலேறிக் காலையில் மலையடிவாரத்தில் காப்பி குடிக்கிறோம். அக்காலத்தில் ராஜ்மகால் வரைதான் இருப்புப்பாதை. அதன்பின் கங்கையைக் கடந்து, தரை வழியே நாட்கணக்காகச் சென்று, மலையடிவாரத்துத் தராய்க் காட்டைத் தாண்டித்தான் மேலேற வேண்டும். டார்ஜிலிங்குக்கு மலை ரயில் வந்தது 1881இல்.

தராய்க் காடு காய்ச்சலுக்குப் பேர்போனது. கெட்ட காற்றினால் காய்ச்சல் வருகிறது என்றே எல்லோரும் எண்ணியிருந்தனர். கொசுவின் வயிற்றுக்குள் அதன் கிருமியை ரொனால்டு ராஸ் செகந்தராபாத்தில் கண்டது 1897 ஆகஸ்டு 20இல். மறு ஆண்டில் நம் கல்கத்தாவிலேயே மேற்கொண்டு ஆராய்ந்து தெளிந்தார். சீமாட்டி மலையழகைத் தீட்டிக்கொண்டு இறங்கியது அதற்கு முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன்னர். திரும்பும் வழியில் பிடித்த காய்ச்சல் கல்கத்தா வந்தும் விடவில்லை. நவம்பர் 18இல் கவர்னர் மாளிகையில் உயிர் நீத்தார். வயது 44. தாம் வளர்த்த பாரக்பூர்த் தோட்டத்தில், ஆற்றைப் பார்த்தவாறு அவர் விரும்பிய இடத்திலேயே அடக்கம் செய்தனர். கானிங் பிரபு 1862 மார்ச்சில் தனியே கப்பலேறினார்; அதே ஆண்டு ஜூன் 17இல் அவரும் மறைந்தார். வாரிசு இல்லாமையால் பட்டமும் அவரோடு முடிந்தது.

இவ்வளவு துயரமான கதையிலிருந்து ஓர் இனிப்புப் பண்டம் எவ்வாறு பிறந்தது?

வங்காளத்தில் இதற்கு மூன்று கதைகள் வழங்குகின்றன. மூன்றும் செவிவழி வந்தவை. பௌபஜாரில் உள்ள புகழ்பெற்ற பீம சந்திர நாகர் கடைக்காரர், சீமாட்டி இந்தியாவுக்கு வந்ததன் நினைவாக இதைச் செய்தார் என்பது ஒன்று. சீமாட்டியின் பிறந்தநாளுக்கு அக்கடையில் புதுப் பண்டம் ஒன்று செய்யச் சொன்னார்கள், அது அவருக்குப் பிடித்துப்போய் விருந்துக்கு விருந்து கேட்டார் என்பது மற்றொன்று. கலகத்தை ஒட்டி 1857இல் சீமாட்டி பஹரம்பூர் வந்தபோது அவ்வூர் மிட்டாய்க்காரர்கள் செய்து அளித்தனர் என்பது மூன்றாவது.

மூன்றாவது கதையை நாள் கணக்கே கொன்றுவிடுகிறது. 1857 முழுவதும் கானிங் தம்பதியர் கல்கத்தாவையும் பாரக்பூரையும் விட்டு அகலும் நிலையில் இல்லை. பஹரம்பூர் என்ற பெயரை அவ்வாண்டு கவர்னர் மாளிகையில் எவரும் நாவில் எச்சில் ஊறச் சொல்லியிருக்கவும் முடியாது. ஆயினும் இந்தக் கதை ஏன் பஹரம்பூரையும் 1857ஐயும் பற்றிக்கொண்டது என்று எண்ணிப் பார்த்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது. பஹரம்பூர்ப் படை கலைக்கப்பட்ட நாளும் சீமாட்டியின் பிறந்தநாளும் ஒன்றாயிருந்ததை முன்னர்க் கண்டோம். ஊர் நினைவில் படையும் பிறந்தநாளும் பண்டமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, பாகு மேலே படிந்து, அடியில் இருந்தது மறைந்துபோயிற்று போலும். இது என் ஊகமே. இதற்கு மேல் இதை இழுக்க மாட்டேன்.

பிறந்தநாள் கதையும் தேதி சொல்லாத கதை. 1857 மார்ச் 31 அன்று பாரக்பூரில் இனிப்பு வழங்கியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை. முதற் கதையே, அதாவது 1856 வருகையை ஒட்டியது என்பதே, நடந்திருக்கக் கூடியது. ஆனால் புதிதாக வந்த கவர்னரின் மனைவி பெயரை ஒரு நகரம் முழுதும் வாயில் போட்டு மெல்லும் அளவுக்கு அன்று என்ன நெருக்கம் இருந்தது? என் கருத்து வேறு. பாந்துவா முன்பே இருந்த பண்டம். அதன் உடலைச் சற்று மாற்றி, உள்ளே ஒரு குழி வைத்து, கடைக்காரர் புதிதாக ஒன்று செய்திருக்கிறார். அதற்கு ஊரறிந்த ஒரு பெயர் தேவைப்பட்டது. சீமாட்டியின் பெயர் யாவர் வாயிலும் அடிபட்டது அவர் வாழ்ந்தபோதன்று. ஊர் திரும்பவிருந்த நேரத்தில் இறந்தபோதுதான். அவர் மறைந்த பின்னரே லேடிகேனி இல்லாத பெருவிருந்து விருந்தன்று என்னும் அளவுக்கு இதன் புகழ் ஓங்கிற்று என்பதை வங்காளிகளே சொல்லுகின்றனர். நவீன் சந்திர தாசர் 1868இல் ரசகுல்லாவை உருவாக்கியதாகச் சொல்லும் கணக்கை ஒப்பினால், ரசகுல்லாவுக்கே இது அக்காள் ஆகிறது.

இது அரச பக்தி அன்று, வியாபாரம். பீம நாகர் கடையில் இதற்குச் சான்றாக இன்னொரு பொருளும் சுவரில் தொங்குகிறது. அது குக் அண்ட் கெல்வி என்ற கடிகாரக் கம்பெனியின் கடிகாரம். அதன் முகப்பில் எண்களும் எழுத்துக்களும் வங்காளத்தில் இருக்கும். கடைக்கு இனிப்புத் தின்ன வந்த கெல்வி துரை, இவ்வளவு பெரிய கடையில் கடிகாரம் இல்லையே என்றாராம். தம் ஆட்களுக்கு ஆங்கில எண் தெரியாது, மாட்டி என்ன பயன் என்றாராம் கடைக்காரர். உடனே வங்க எண் எழுதிய கடிகாரம் வந்து சேர்ந்தது என்பர். துரையின் கடிகாரத்தை வங்காளம் பேச வைத்தவர்கள் துரைசானியின் பெயரை வங்காளம் பேச வைத்ததில் வியப்பென்ன? சர் ஆசுதோஷ் முகர்ஜியின் பெயரால் ஆசு போக் என்றொரு பண்டம் செய்ததும் அக்கடையே என்பர். வைசிராய் மனைவியும் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் அக்கடைத் தட்டில் சமமாக வீற்றிருந்தனர்.

நாம் இனிப்புக்கு ஆள் பெயர் வைப்பவர் அல்லர். திருநெல்வேலி அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டிக் கடலைமிட்டாய் என்று ஊர்ப் பெயர் வைத்தே பழகியவர்கள். ஊர் நிலைக்கும், ஆள் நிலையார் என்ற எச்சரிக்கையாக இருக்கலாம்.

நிலைப்பதைப் பற்றிச் சொல்லும்போது கணவர் பெயருக்கு நேர்ந்ததையும் சொல்லவேண்டும். ஹூக்ளி தூர்ந்து வருகிறது என்று அஞ்சி, தெற்கே மாதலா நதிக்கரையில் புதுத் துறைமுகம் ஒன்று கட்டினார்கள். கானிங் என்று பெயரிட்டார்கள். சைக்ளோன் என்ற சொல்லையே ஆக்கித் தந்த ஹென்றி பிடிங்டன், அங்கே துறைமுகம் வைத்தால் புயல் அலை வந்து வாரிக்கொண்டு போகும் என்று 1853இலேயே டல்ஹௌசி பிரபுவுக்கு எழுதி எச்சரித்திருந்தார். எவரும் செவிசாய்க்கவில்லை. இருப்புப்பாதை போட்டார்கள், பங்குகள் விற்றார்கள், விலை வானளாவ ஏறிற்று. 1867 நவம்பரில் புயல் வந்து பிடிங்டன் சொன்னபடியே செய்துவிட்டுப் போயிற்று. இன்று கானிங் என்பது சுந்தரவனம் செல்வோர் ரயிலிலிருந்து இறங்கும் ஊர். லக்னோவில் அவர் நினைவாக 1864இல் தொடங்கிய கானிங் கல்லூரி 1920இல் பல்கலைக்கழகத்துள் கலந்தது. கல்கத்தாவின் கானிங் தெரு விப்லவி ராஷ்பிஹாரி பாசு சாலை ஆயிற்று. குதிரைமேல் அமர்ந்த அவருடைய வெண்கலச் சிலையையும் நகரத்திலிருந்து பெயர்த்துப் பாரக்பூருக்கு அனுப்பிவிட்டனர். மனைவியின் பெயரை மட்டும் எந்த நகராட்சியும் மாற்றவில்லை. 1965இல் பால் தட்டுப்பாட்டை முன்னிட்டு மேற்கு வங்க அரசு சானா இனிப்புகளுக்கே தடை விதித்தபோதும், பண்டம் மறைந்ததே அன்றிப் பெயர் மறையவில்லை.

சென்ற ஆண்டு நம் சங்க விழா விருந்துக்கு என்ன இனிப்பு என்று செயற்குழுவில் பேச்சு வந்தபோது நான் லேடிகேனி என்றேன். என் தம்பி மகன், கல்லூரியில் வரலாறு படிப்பவன், எழுந்து மறுத்தான். “பெரியப்பா” என்று வீட்டில் அழைப்பவன், கூட்டத்தில் “ஐயா” என்று தொடங்கினான். அதிலிருந்தே சண்டை என்று தெரிந்துகொண்டேன். “மங்கள் பாண்டேயைத் தூக்கிலிட்ட ஆட்சியின் தலைவர் மனைவி பெயரை நாம் ஏன் சங்க விருந்தில் பரிமாற வேண்டும்? தெருப் பெயரை மாற்றினோம், சதுக்கத்தின் பெயரை மாற்றினோம், இதை மாற்றக் கூடாதா?” என்றான். அவன் கேட்டது நியாயமே. கருணை, ஓவியம், தோட்டம் என்று நான் சொன்னவை எல்லாம் அவனுக்குப் பதில் ஆகவில்லை. ஆளும் வீட்டுப் பெண்மணி நல்லவராக இருப்பது ஆளப்படுவோருக்கு ஒரு சிறு ஆறுதலே அன்றி, அதற்கு மேல் ஒன்றுமில்லை, அதை ஒப்புக்கொண்டேன். ஆனால் ஒன்று சொன்னேன்: “தெருவுக்குப் பெயர் வைத்தவன் ஆண்டவன், இதற்குப் பெயர் வைத்தவன் ஆளப்பட்டவன். கானிங்கைக் கேனியாக்கி, அடுப்பில் ஏற்றி, பைசாவுக்கு இத்தனை என்று விற்றிருக்கிறான். அதில் எவ்வளவு மரியாதை, எவ்வளவு கேலி என்று உன்னால் பிரித்துச் சொல்ல முடியுமா?” அவனாலும் முடியவில்லை; என்னாலும் முடியாது. செயற்குழு இரண்டு பேரையும் விட்டுவிட்டுச் சர்க்கரைப் பொங்கல் என்று முடிவு செய்தது.

அடுத்த ஞாயிறு அவனை அழைத்துக்கொண்டு சியால்டாவில் ரயிலேறிப் பாரக்பூர் சென்றேன். முதலில் மங்கள் பாண்டேயின் நினைவுப் பூங்காவில் அவன் வெகுநேரம் நின்றான். பிறகு லாட் பாகான். அது இன்று காவலர் பயிற்சிக் கழகத்தின் வளாகம். முன் அனுமதி பெற்றே உட்செல்ல வேண்டும். சீமாட்டியின் சமாதி ஆற்றோரத்தில் அமைதியாக இருக்கிறது. முதலில் வைத்த சலவைக்கல் சின்னம் மழையிலும் வெயிலிலும் பழுதுபட்டதால், அதைக் கல்கத்தா செயின்ட் ஜான் தேவாலயத்துக்கு எடுத்துச் சென்றுவிட்டனர். இங்கிருப்பது அதன் மறுபடி. பக்கத்தில், நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட கானிங் பிரபு வெண்கலக் குதிரைமேல் அமர்ந்திருக்கிறார். தனியே கப்பலேறிப் போனவரை ஒரு நூற்றாண்டு கழித்துச் சுதந்திர இந்தியாவே மனைவியிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. “இதை யோசித்துச் செய்திருக்க மாட்டார்கள்” என்றான் பையன். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

நிலையத்துக்குத் திரும்பும் வழியில் ஒரு மிட்டாய்க் கடையில் பெரிய தட்டு நிறைய லேடிகேனி அடுக்கியிருந்தது. கடையிலிருந்த சிறுவனிடம், லேடி கேனி யார் தெரியுமா தம்பி என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் கேட்டேன். அவன் என்னைச் சற்று இரக்கத்தோடு பார்த்து, “யாருமில்லை, மிட்டாய்” என்றான். தம்பி மகன் சிரித்துவிட்டான். பத்து வாங்கினோம். பாகோடு மண்சட்டியில் போட்டு, வாயை இலையாற் கட்டிக் கொடுத்தார்கள். ரயிலில் கூட்டம், சட்டியை அவன் மடியில் வைத்துக்கொண்டான். டம்டம் வருவதற்குள் பாகு கசிந்து அவன் கால்சட்டையில் பாதி இறங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து எண்ணியபோது சட்டியில் எட்டுத்தான் இருந்தன.